ஆய்வாளர் "வெளிப்படையானது" என்று எழுதினால்

நண்பரே, லாரிக் கதவு உணரியையும் பிரேக் கட்டுப்பாட்டையும் ஒரே கேன் பஸ்ஸில் (வாகனத்தின் மின்னணுப் பாகங்கள் செய்தி பரிமாறும் பொதுக் கம்பித்தடம்) இணைத்த உங்கள் கருவியை, இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே, அதாவது "வெளிப்படையானது", என்று காப்புரிமை ஆய்வாளர் மறுத்திருக்கிறார். மனம் தளராதீர்கள். ஆனால் "இரண்டிலும் முழுக் கருவி இல்லை" என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அது புதுமைக்கான வாதம். சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கேட்பது வேறு: துறை அறிந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா?

2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நகர்த்தக்கூடிய கார் பெடலில் மின்னணு உணரியைப் பொருத்தியதை வெளிப்படையானது என்றே தீர்ப்பளித்தது. இங்கே அது கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் வெறும் சேர்க்கை எவ்வளவு பலவீனமானது என்று பாருங்கள். ஆகவே சேர்க்கையைத் தாண்டி நீங்கள் தீர்த்த சிக்கலைக் காட்டுங்கள்.

கேன் பஸ்ஸில் சிறிய அடையாள எண் கொண்ட செய்திக்கே முன்னுரிமை. நெரிசலில் கதவுச் செய்தி பின்தங்குவதை எப்படித் தீர்த்தீர்கள்? அந்தத் தீர்வு உங்கள் மூல விண்ணப்பத்தில் இருந்தால், முதல் உரிமைக்கோரலுக்குள்ளேயே (எதற்குக் காப்புரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் பகுதி) கொண்டுவாருங்கள்.