மூன்று முறை திறந்த கதவு

கேள்வி: ஆவணப்படம் என்றால் நடப்பதை நடந்தபடி காட்ட வேண்டும். இப்போதோ பின்னணி இசை, வர்ணனைக் குரல், நடித்துக் காட்டும் காட்சிகள் என்று ஒரே சோடனை. எளிமையாக, இயல்பாக எடுப்பதுதானே நல்ல ஆவணப்படம்?

பதில்: சோடனை மீது உங்களுக்கு உள்ள கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஒரு தாய் அழும்போது வயலினையும் கூடவே அழவைக்கும் இயக்குநரைக் கண்டால் எழுந்து போய்விடத் தோன்றும். ஆனால் 'நடப்பதை நடந்தபடி' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

1895இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படம்பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத படம்; இதைவிட எளிமையாக எதை எடுக்க முடியும்? அதற்கே மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் வண்டியை ஒற்றைக் குதிரை இழுக்கிறது, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மற்றொன்றில் குதிரையே இல்லை. எல்லாம் தானாக நடந்ததென்றால் கதவை எதற்கு மூன்று முறை திறக்க வேண்டும்?

1922இல், வட துருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த படத்தில், பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வீட்டின் ஒரு பக்கத்தையே திறந்துவிட்டார்கள். துப்பாக்கி பழகியிருந்த வேட்டைக்காரர்கள் கேமராவுக்காகப் பழைய எறியீட்டியைத் தூக்கினார்கள். பார்த்தவர்கள் இயல்பு என்றே நம்பினார்கள். எளிமையாகத் தெரிவதும் பொய் சொல்லும். அலங்காரம் சொல்லும் பொய்யையாவது சட்டென்று பிடித்துவிடலாம்.

இதனால் எளிய பாணியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. டச்சு இயக்குநர் யோரிஸ் இவென்ஸைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்து மழையை 1929இல் கவிதைபோலப் படமாக்கியவர். 1933இல் அவரும் இன்னொரு இயக்குநரான ஹென்றி ஸ்டோர்க்கும் பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதிக்குப் போனார்கள். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தம் முடிந்து, தொழிலாளர் குடும்பங்கள் வறுமையில் கிடந்த நேரம். அங்கே ஒளியும் நிழலும் அழகாக விழுந்த கோணங்களை இவென்ஸ் வேண்டுமென்றே ஒதுக்கினார். பட்டினி கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அழகு கைவந்தவர் அதை வேண்டாமென்று தள்ளிவைத்ததால் வந்த எளிமை அது. முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவரின் படத்துக்கும் நீங்கள் அதே பெயரைத்தான் சூட்டுகிறீர்கள். அந்த வகைப் படங்களில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன் படங்களில் வர்ணனை கிடையாது, பேட்டி கிடையாது, சேர்த்த இசை கிடையாது. உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி 2013இல் வந்த அவருடைய படம் நான்கு மணி நேரம். அதற்காகப் பிடித்தது சுமார் 250 மணி நேரம். மிச்சத்தை வெட்டி எறிந்ததும், எஞ்சியதை எதற்குப் பின் எது என்று அடுக்கியதும் யார்? இயல்பா, வைஸ்மனா?

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத 'ஏற்பாடு' ஒன்று. நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றி க்ளோட் லான்ஸ்மன் எடுத்து 1985இல் வெளியான 'ஷோவா' படம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை. ட்ரெப்ளிங்கா முகாமில், சாகப்போகும் பெண்களின் தலைமுடியை வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்டவர் ஒருவர் அதில் பேசுகிறார். அவரைப் பேசவைக்க லான்ஸ்மன் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்குப் பிடித்து, கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஒருவருடைய தலையில் கத்தரித்துக்கொண்டே சொல்லி வந்தவருக்கு ஓரிடத்தில் வார்த்தை நின்றுவிடுகிறது. கேமரா நிற்கவில்லை. வயலினும் வரவில்லை. கடை வாடகைக் கடை என்பதால் அந்த மௌனமும் சோடனையா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.