பில்டவுன்: ஒரு கைதியும் இரண்டு புத்தகங்களும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ரோஜாப் போர்களைப் பற்றிப் படிக்கும்போது, போர்க்களங்களின் பட்டியலில் 'பில்டவுன், அயர்லாந்து, 1462' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. லங்காஸ்டரா யார்க்கா என்பது ஆங்கில அரச குடும்பத்தின் பங்காளிச் சண்டை. அதற்காக அயர்லாந்துக்காரர்கள் ஏன் செத்தார்கள்? முடிந்தால் எழுதுங்கள்.

க.

அன்புள்ள க.,

அரியணை இங்கிலாந்துடையதுதான். ஆனால் பில்டவுனில் வெட்டிக்கொண்டவர்களுக்கு அதைவிடப் பழைய பகை ஒன்று இருந்தது.

பட்லர், ஃபிட்ஸ்ஜெரால்ட் இரண்டுமே 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து நடந்த நார்மன் படையெடுப்போடு அயர்லாந்துக்கு வந்த குடும்பங்கள். பட்லர் என்பது பதவிப் பெயர். அயர்லாந்தில் அரசருக்கு மது பரிமாறும் உரிமை அவர்களுடையது. பிறகு அவர்கள் ஆர்மண்ட் பிரபுக்கள் ஆனார்கள், ஃபிட்ஸ்ஜெரால்டுகளில் ஒரு கிளை டெஸ்மண்ட் பிரபுக்கள் ஆனது. ஐரிஷ் மொழியில் ஆர்மண்ட் என்றால் கிழக்கு மன்ஸ்டர், டெஸ்மண்ட் என்றால் தெற்கு மன்ஸ்டர்; மன்ஸ்டர் என்பது அயர்லாந்தின் தென்பகுதி மாகாணம். பக்கத்துப் பக்கத்து நிலம். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகுந்து ஆநிரை கவர்வதும், ஊரைக் கொளுத்துவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது.

இங்கிலாந்தில் போர் மூண்டதும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். பட்லர்கள் லங்காஸ்டர் பக்கம். அவர்களின் ஐந்தாம் பிரபு ஜேம்ஸ், 1461இல் டவுட்டன் போரில் லங்காஸ்டர் தரப்பு தோற்ற பிறகு பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். டெஸ்மண்ட் குடும்பம் யார்க் பக்கம். அயர்லாந்தின் ஆளுநராக இருந்த யார்க் கோமகன் ரிச்சர்டுக்கு அங்கே நல்ல ஆதரவு உண்டு. ஜேம்ஸின் தம்பி ஜான் அயர்லாந்துக்கு வந்து லங்காஸ்டர் கொடியை உயர்த்த, கில்கென்னி மாவட்டத்துப் பில்டவுனில் டெஸ்மண்ட் குடும்பத்துத் தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் எதிர்கொண்டார். பட்லர்கள் தோற்றார்கள். அவர்கள் தரப்பில் 410 பேர் புதைக்கப்பட்டதாகவும், நாய்களும் பறவைகளும் தின்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்றும் ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அந்த வரியை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிந்ததில்லை.

பட்லர் குடும்பத்தவரான எட்மண்ட் மக்ரிச்சர்ட் சிறைப்பட்டார். அவரை மீட்கக் கொடுத்தது என்ன தெரியுமா? இரண்டு கையெழுத்துப் புத்தகங்கள்! ஒன்று 1450களில் எழுத்தர்களை வைத்து அவர் தனக்காக எழுதுவித்தது. அதில் துறவி ஏங்கஸின் புனிதர் நாட்காட்டி, ஃபின் வீரர்களின் பழங்கதைகள், ஊர்ப்பெயர்க் கதைகள் எல்லாம் ஐரிஷ் மொழியில் இருக்கின்றன. இன்னொன்று 'காரிக் புத்தகம்' எனப்பட்டது.

எனக்கு இந்தப் போரில் முக்கியமாகப் படுவது இதுதான். நார்மன் வம்சத்தில் வந்த ஒருவர் ஐரிஷ் நூல்களைச் சேர்க்கிறார். அதே வம்சாவளியில் வந்த இன்னொருவர் அவற்றையே மீட்புப் பொருளாக வாங்கிக்கொள்கிறார். டெஸ்மண்ட் குடும்பத்தின் மூன்றாம் பிரபு ஜெரால்டே ஐரிஷ் மொழியில் கவிதை எழுதியவர். இருநூறு, முன்னூறு வருடங்களில் இவர்கள் அந்த மண்ணின் மொழிக்குள் அவ்வளவு தூரம் போய்விட்டார்கள். லண்டன் அரியணையில் யார் உட்கார்வது என்பதைவிட மன்ஸ்டரில் யார் பெரியவன் என்பதே அவர்களை அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வென்ற தாமஸ் 1463இல் அயர்லாந்தின் துணை ஆளுநரானார். அப்புறம் 1468இல் ட்ரோஹெடாவில் துரோகக் குற்றம் சாட்டி அவர் தலையையும் வெட்டினார்கள். வெட்டியது அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்த யார்க் அரசின் ஆட்கள். பட்லர்களோடு இருந்த பகை அவருக்குப் பின்னும் ஓயவில்லை. 1565இல் அஃபேன் என்ற இடத்தில் அவர்களின் வாரிசுகள் மறுபடி மோதினார்கள்.

ஏங்கஸின் நாட்காட்டி உள்ள அந்தப் புத்தகம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இது மக்ரிச்சர்டின் நூல், தோல்விக்குப் பிறகு அவரை விடுவிக்க டெஸ்மண்ட் பிரபு தாமஸுக்குத் தரப்பட்டது என்ற குறிப்பும் அதற்குள்ளேயே ஐரிஷில் எழுதப்பட்டிருக்கிறது.