பத்து வருஷ 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' உண்டா?

கேள்வி: வேலை கிடைத்து அடுத்த மாதம் இங்கிலாந்துக்குக் குடிபோகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர், பன்னிரண்டாயிரம் கொடுத்தால் பத்து வருஷம் செல்லும் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அங்கே அதைக் கொடுத்து அந்த ஊர் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாமாம். நம்பலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்ன இரண்டுமே தப்பு.

இங்கே தருவது இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். ஒரு வருஷம்தான் செல்லும், அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் சொல்லும் சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இங்கிலாந்துக்கு அதுகூடக் கட்டாயமில்லை. நம் அட்டைதான் ஆங்கிலத்தில் இருக்கிறதே.

அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் நம் லைசென்ஸிலேயே ஓட்டலாம். அதற்கப்புறம் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். எந்தெந்த நாட்டு லைசென்ஸைக் கொடுத்தால் அந்த ஊர் லைசென்ஸாக மாற்றித் தருவார்கள் என்ற பட்டியலில் ஜப்பான், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகமெல்லாம் உண்டு. இந்தியா இல்லை. ஆக, புதிதாகப் படிப்பவர் மாதிரியே புரொவிஷனல் லைசென்ஸ் (நம் எல்.எல்.ஆர். மாதிரி), தியரித் தேர்வு, அப்புறம் ரோட்டில் ஓட்டிக் காட்டும் டெஸ்ட். தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். ரோடு டெஸ்டுக்குத் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகிறது. 'பன்னிரண்டு மாசம் இருக்கே' என்று உட்காராமல், போன கையோடு புரொவிஷனலுக்கு எழுதிப் போடுங்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் ஏறிய கைக்கு அந்த ஊர் ரோடு பெரிதில்லை, அங்கேயும் இடப்பக்கம்தான். ரவுண்டானாதான் காலை வாரும். நம் சேலம் ஐந்து ரோட்டில் மூக்கை முதலில் நுழைத்தவருக்கு வழி. அங்கே வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு விட்டுத்தான் நுழைய வேண்டும். கண்ணாடி பார்க்காமல் லேன் மாறினாலும் டெஸ்ட் எடுப்பவர் தப்பென்று குறித்துக்கொள்வார். நாலைந்து வகுப்புக்குப் பணம் செலவழிப்பது வீணில்லை. ஆட்டோமேட்டிக் காரில் பாஸ் செய்தால் கியர் கார் ஓட்ட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் அட்டையை எடுத்து, செல்லுபடித் தேதியைப் பாருங்கள். முடிய ஒரு வருஷத்துக்குள் இருந்தால் இங்கேயே புதுப்பித்துவிடலாம். அங்கே போய் நடுவில் காலாவதியானால் அந்த 12 மாதச் சலுகையும் போச்சு.