கிராங்கில் விரிசலா? வெல்டிங் ராடைக் கீழே வையுங்கள்

கேள்வி: காசிமேட்டில் படகு வைத்திருக்கிறோம். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஆயில் குறைந்து பேரிங் பிடித்துக்கொண்டது. கிராங்க் பின்னில் (கனெக்டிங் ராடு மாட்டும் உருளைப் பகுதி) கீறல்கள் விழுந்திருக்கின்றன. ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடும் தெரிகிறது. பட்டறைக்காரர் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? எந்த உலோகத்துக்கு எந்த வெல்டிங் ராடு என்றும் விளக்குங்கள்.

பதில்: அந்தக் கோடு விரிசலாக இருந்தால் செய்யவே கூடாது. எந்த ராடு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஃபோர்ஸ்ட்ரோக் இன்ஜின் 1500 சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு 750 முறை வெடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 அடி. அத்தனையும் அந்த ஒற்றைப் பின்னில்தான் இறங்குகிறது. கிராங்க் பின், அதன் பக்கத்துத் தடித்த கையான கன்னத்தோடு சேரும் வளைவில்தான் அழுத்தம் குவிகிறது. நீங்கள் பார்த்த கோடு அந்த இடத்தில் இருந்தால் அது களைப்பு விரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே வெல்டிங் பூசினால் விரிசல் மறையும், சாகாது. கரையில் லாரி நின்றால் இழுத்துவரலாம். நடுக்கடலில் கிராங்க் முறிந்தால் என்ன செய்வீர்கள்?

இரும்பின் குணமும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. கிராங்குகள் பெரும்பாலும் நடுத்தரக் கார்பன் எஃகில் அடித்துச் செய்தவை. உதாரணமாக இஎன் 8 எஃகில் கார்பன் சுமார் 0.4 சதவீதம். சூடேற்றாமல் ராடு வைத்தால், வெல்டிங்குக்குப் பக்கத்து எஃகு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் விறைத்துவிடும். ஈரமான ராடிலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே போனால், வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூட வெடிப்பு விழும். பட்டறையை விட்டு வரும்போது பளபளவென்றுதான் இருக்கும்.

முதல் வேலை சோதனை. பின்னை நன்றாகக் கழுவித் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, மேலே நிற்கும் சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு கசிந்து வரும். காந்தத்துகள் சோதனை இதைவிட நம்பகமானது. நல்ல கிராங்க் கிரைண்டிங் கடைகளில் செய்வார்கள். கிராங்க் பின் நீலம் பாரித்திருந்தால் கடினத்தையும் அளக்கச் சொல்லுங்கள், சூட்டில் இளகியிருக்கும்.

விரிசல் இல்லை, வெறும் கீறல்தான் என்றால் வெல்டிங்கே தேவைப்படாது. சாணை பிடித்து 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் (சிறுத்த பின்னுக்கேற்ற பேரிங்) போட்டுக்கொள்ளலாம். சாணை பிடிப்பவர் மூலை வளைவைக் கூர்மையாக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு தாண்டித் தேய்ந்த பெரிய கிராங்குகளை வெல்டிங்கால் நிரப்புவது உண்டுதான். ஆனால் அது முன்சூடு, சப்மெர்ஜ்டு ஆர்க் (பொடிக்கு அடியில் ஆர்க் எரியும் வெல்டிங்), உலையில் அழுத்தம் தளர்த்தல், மீண்டும் சாணை என்று நீளும் தனிக்கடை வேலை. சிறிய இன்ஜினுக்கு அந்தச் செலவில் புது கிராங்கே வாங்கிவிடலாம். வார்ப்பு கிராங்க் என்றால் அந்த யோசனையும் வேண்டாம். கிராங்கின் உடம்பில் அச்சு சேர்ந்த கோடு மெல்லியதாக இருந்தால் வார்ப்பு, பட்டையாக இருந்தால் அடித்துச் செய்தது.

இனி ராடுகள். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆங்கிள், தகடு, பிராக்கெட்டுக்கு 6013 எண் ராடு போதும். புது ஆளுக்கும் கை பழகும். பளு தாங்கும் இடத்துக்கும் கார்பன் கூடிய எஃகுக்கும் 7018. அந்த 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமையைச் சொல்கிறது; திரும்பத் திரும்ப விழும் அடியைத் தாங்குமா என்று சொல்லவில்லை. சென்னைக் காற்றில் பிரித்த பாக்கெட் சீக்கிரமே ஈரம் குடித்துவிடும். 7018-ஐ 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டு, சூடு ஆறாமல் பயன்படுத்த வேண்டும். வெயிலில் காயவைப்பதெல்லாம் கண்துடைப்பு.

பம்ப் உறை போன்ற வார்ப்பிரும்புக்கு நிக்கல் அல்லது நிக்கல்-இரும்பு ராடு. ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசியில் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து ஆறவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் 304-க்கு 308எல், 316-க்கு 316எல். உப்புத் தண்ணீரில் நிற்கும் 316-க்கு 308 வைத்தால் தையல்தான் முதலில் அரிக்கும். ஸ்டெயின்லெஸையும் எம்.எஸ்.ஸையும் சேர்க்க 309எல். அலுமினியத்தை டிக் (ஆர்கான் வாயு) வெல்டிங்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கால்வனைஸ்டு பைப் என்றால் துத்தநாகத்தைச் சுரண்டிவிட்டுத் தொடங்குங்கள். துத்தநாகம் எரியும் புகையால் இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

இது என்ன உலோகம் என்றே தெரியாவிட்டால் சாணைக்கல்லில் லேசாக வைத்துப் பாருங்கள். எம்.எஸ். நீளமான பொறியாகச் சிந்தும். கார்பன் கூடினால் பொறி மத்தாப்பாகப் பிரியும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, செம்மங்கலாக அடங்கிவிடும்.

கோடு விரிசல்தான் என்று சோதனையில் தெரிந்தால், கிராங்கை எடைக்குப் போடுமுன் கட்டரால் இரண்டாக அறுத்துவிடுங்கள். முழுதாகப் போனால் பூசி மெழுகி இன்னொரு படகுக்கு வந்து சேரும்.