நெருக்கத்தில் விசுவாசம்: உபதேசியார் ஐயாவிடம் கேட்டவை

ஐயா, என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். உபவாசம் இருந்து ஜெபித்தும் தை மாதம் தவறிவிட்டார். "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அதிலிருந்து வேதத்தைத் திறக்கவே கை வரவில்லை.

மகளே, அப்படிச் சொல்ல அவருக்கு வேதம் இடம் கொடுக்கவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா?

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே பாருங்கள். டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார்கள். அதன்பின் 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையும் கட்டிலும்தான். பிள்ளைகள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? முழுசாகக் குணமாகவில்லை. ஆனால் கட்டிலில் இருந்தபடியே அந்த அம்மா புத்தகம் புத்தகமாக எழுதினார்கள்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு காரணம் கண்டுபிடித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான், அழுது புலம்பிய யோபுவின்மேல் அல்ல.

வேதத்தை எடுக்க மனசு வரும் அன்று 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதையும் மனசுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான்.

அந்தச் சங்கீதம்கூடக் கடைசியில் துதியில்தானே முடிகிறது ஐயா? எனக்கு அந்த முடிவு வரமாட்டேன் என்கிறது.

அப்படியானால் 88-ஐ எடுங்கள். அதில் கடைசி வரி வரைக்கும் விடியவே விடியாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து முடித்திருக்கலாமே என்று அதை யாரும் திருத்தவில்லை. நம் ஆராதனைகளில் சாட்சி நேரம் வந்தால் ஜெயித்தவர்களை மட்டுமே மேடைக்குக் கூப்பிடுகிறோம், அது எனக்குப் பெரிய வருத்தம். இன்னும் பதில் கிடைக்காதவரும் எழுந்து நின்று பேச இடம் கொடுத்தால், உங்களைப் போன்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போகமாட்டார்கள்.

டாக்டர் மனஅழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை போட்டால் தேவனை நம்பவில்லை என்று ஆகிவிடாதா அண்ணே?

ஆகாது தம்பி. எலியா கதையை நிதானமாக வாசித்துப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனுஷன், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. தின்றார், தூங்கினார். தூதன் மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்குப் போனதும் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்கப்புறம்தான்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எலியாவைப் போலவே "போதும்" என்ற நினைப்பு உங்களுக்கும் வந்தால் அந்த ராத்திரியே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், பேச ஆள் இருப்பார்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தொழில் நொடித்துக் கடனாகிவிட்டது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்க வழியில்லை. வெட்கத்தில் கோயிலுக்கே போகவில்லை.

வெறுங்கையோடு போங்கள். காணிக்கைப் பை வரும்போது தலையைக் குனிய வேண்டியதில்லை. கடன் விவரத்தை ஆயரிடமோ நம்பிக்கையான ஒரு மூப்பரிடமோ முழுசாகச் சொல்லுங்கள், பாதியை மறைத்தால் யாராலும் உதவ முடியாது. "காணிக்கை போட்டால் கடன் தீரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காலேஜ் படிக்கும் மகன், "தாத்தாவுக்கு அப்படி நடந்தப்போ கடவுள் எங்கே இருந்தார்?" என்று கேட்டுவிட்டு ஆராதனைக்கு வருவதில்லை. என்ன செய்யட்டும்?

அம்மா, அவனுடைய கேள்வி நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, தோமா "காயத்தில் விரலைப் போட்டாலொழிய நம்பமாட்டேன்" என்று சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அதே வீட்டுக்குள் மற்ற சீஷர்களோடுதான் இருந்தார். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, ஆண்டவர் வந்ததும் அங்கேதான். வீட்டு ஜெபத்தில் அவன் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, உட்காரட்டும். தாத்தாவைப் பற்றி அவன் பேசினால் பேச விடுங்கள். உங்களுக்கும் அந்தச் சாவு புரியவில்லை என்றால் அதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒரே வரியில் ஒரு ஜெபம் சொல்லுங்கள் ஐயா. நீளமாக ஜெபிக்கத் தெம்பு இல்லை.

வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் கண்ணீரோடே சொன்னது, மாற்கு 9:24. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."