ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் யூசர் மாடலை மாற்றுவது: கேள்வி பதில்

பைத்தானில் இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவை, பயனர் கணக்கில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் யூசர் மாடலைப் பற்றித்தான், அதனால் இந்த முறை அது மட்டும்.

செங்காங்கிலிருந்து: அக்கா, புதுப் புராஜெக்ட் தொடங்குகிறேன். ஜாங்கோவோடு வரும் யூசரே எனக்குப் போதும். அப்படியும் சொந்தமாக எழுதணுமா?

எழுதுங்கள் தம்பி, முதல் மைகிரேட் (மாடல்களுக்கு ஏற்ப டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் கட்டளை) ஓட்டுவதற்கு முன்பே. ஜாங்கோ தரும் அடிப்படை யூசர் கிளாஸான அப்ஸ்ட்ராக்ட்யூசரை வைத்து ஒரு கிளாஸ், உள்ளே வெறும் பாஸ், செட்டிங்ஸில் ஆத்_யூசர்_மாடல் என்று ஒரு வரி, அவ்வளவுதான். 2013-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. இன்று சில நிமிட வேலை. பாதி டேபிள்கள் யூசரைச் சுட்ட ஆரம்பித்த பிறகு என்ன பாடு என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ஈசூனிலிருந்து: எங்கள் துணைப்பாட நிலையத்தின் தளம் சில வருடங்களாக ஓடுகிறது. பெற்றோர் ஈமெயிலில் லாகின் செய்யக் கேட்கிறார்கள். புது மாடலை வைத்து மைகிரேட் போட்டால், ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினின் முதல் மைகிரேஷன் (டேபிள் மாற்றங்களை எழுதிய கோப்பு) அது சார்ந்திருக்கும் மைகிரேஷனுக்கு முன்பே ஓடிவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்கிறார் கூட வேலை செய்பவர்.

தயவுசெய்து அழிக்காதீர்கள், அதில் இருப்பது பிள்ளைகளின் வருகைப் பதிவும் கட்டணக் கணக்கும். அட்மினின் முதல் மைகிரேஷன் எந்த யூசர் மாடல் இருக்கிறதோ அதைச் சார்ந்தது. அது என்றோ ஓடிவிட்டது, உங்கள் புது ஆப்பின் முதல் மைகிரேஷன் இன்னும் ஓடவில்லை. வரிசை தலைகீழாக இருப்பதால் ஜாங்கோ மறுக்கிறது. ஓட்டாமலே ஓடியதாகக் குறிக்கும் ஃபேக் போட்டும் தாண்ட முடியாது, இந்தச் சோதனை அதற்கு முன்பே நடக்கிறது.

வழி என்னவென்றால், டேபிளைத் தொடாமல் கிளாஸை மட்டும் இடம் மாற்றுவது. அக்கவுண்ட்ஸ் என்று ஓர் ஆப், அதில் அப்ஸ்ட்ராக்ட்யூசரிலிருந்து ஒரு கிளாஸ், அதன் டேபிள் பெயரைச் சொல்லும் டிபி_டேபிள் பழைய ஆத்_யூசரே. கிளாஸின் பெயர் யூசர் என்றே இருக்கட்டும், ஏனென்றால் குரூப்புகளை இணைக்கும் டேபிளில் இருக்கும் யூசர்_ஐடி என்ற நெடுவரிசை கிளாஸின் பெயரிலிருந்துதான் வருகிறது. ஆசைப்பட்டு ஒரு ஃபீல்டைக்கூட இப்போது சேர்க்க வேண்டாம். மாடல்களில் யூசரைச் சுட்டும் ஃபாரின் கீ எல்லாம் செட்டிங்ஸ் வழியாகவும், மற்ற இடங்களில் கெட்_யூசர்_மாடல் வழியாகவும் போகட்டும். பழைய யூசரை நேரடியாக இம்போர்ட் செய்த வரி ஒன்று கூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு மைகிரேஷன் கோப்பை எழுதித்தரும் மேக்மைகிரேஷன்ஸ்.

சர்வரில் தளத்தை நிறுத்தி, பேக்கப் எடுத்து, மைகிரேட் ஓட்டுவதற்கு முன் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இரண்டு எஸ்க்யூஎல் வரிகள். ஒன்று, ஜாங்கோ_மைகிரேஷன்ஸ் டேபிளில் அக்கவுண்ட்ஸின் முதல் மைகிரேஷன் ஓடிவிட்டதாக ஒரு வரியைச் சேர்ப்பது. இன்னொன்று, எந்த மாடல் எந்த ஆப்பினுடையது என்று குறித்து வைக்கும் ஜாங்கோ_கன்டென்ட்_டைப் டேபிளில் ஆத் ஆப்பின் யூசர் வரியை அக்கவுண்ட்ஸ் என்று மாற்றுவது. இரண்டாவதை மறந்து மைகிரேட் போட்டால் ஜாங்கோ தானே ஒரு புது வரி போட்டுக்கொள்ளும், நீங்கள் கொடுத்திருந்த அனுமதிகள் பழைய வரியிலேயே தங்கிவிடும். உண்மையான டேட்டாவின் நகல் ஒன்றில் முழுதாக ஒத்திகை பார்க்காமல் சர்வரில் கை வைக்கவே வேண்டாம்.

பொங்கோலிலிருந்து: அப்படி மாற்றினால் லாகினில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்களா?

மாட்டார்கள். லாகினை நினைவில் வைக்கும் செஷனில் இருப்பது யூசரின் ஐடியும் பாஸ்வேர்டிலிருந்து வரும் ஒரு ஹாஷும். இரண்டுமே மாறவில்லை.

மறுபடி ஈசூன்: சரி அக்கா, அது முடிந்தது. ஈமெயிலை எப்போது யூனிக் ஆக்குவது?

தனி மைகிரேஷனாக, வேறொரு நாளில். அப்ஸ்ட்ராக்ட்யூசரில் ஈமெயில் யூனிக் கிடையாது, அதனால் இரட்டைகள் நிச்சயம் இருக்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, ஒரே ஈமெயில் எத்தனை வரிகளில் வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். அக்கா தம்பி இருவரும் படிக்கும் வீட்டில் அம்மாவின் ஒரே ஈமெயில் இரண்டு கணக்கில் இருக்கும். அதை ஒரே கணக்காக்குவதா என்பதை நிலையத்தாரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கணும், கோட் எழுதுபவர் ஊகிக்கக் கூடாது. அப்புறம் யூசர்நேமை எடுக்கப் போகிறீர்கள் என்றால் யூசர்களை உருவாக்கும் மேனேஜரையும் திருத்தி எழுதணும், ஏனென்றால் பழையது யூசர்நேம் கேட்கும். அட்மினும் யூசர்நேமை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறது, அதையும் மாற்றுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: அடையாள அட்டை எண்ணையே யூசர்நேமாக வைத்தால் இரட்டைப் பிரச்சினையே வராதே?

வேண்டாம். சட்டம் கேட்டாலோ, ஆளை மிக உறுதியாக அடையாளம் காணும் தேவை இருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. மாடலைத் தொடும்போதே பெயரையும் சரி செய்துவிடுங்கள். எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) போட்ட பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று வெட்டினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். முழுப்பெயருக்கு ஒரே ஃபீல்டு போதும்.

ஜூரோங்கிலிருந்து: எனக்கு முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் சேர்க்கணும், லாகின் முறை மாறவில்லை.

அப்படியென்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். யூசரோடு ஒன்றுக்கொன்று இணையும் ப்ரொஃபைல் மாடல் ஒன்றை எழுதி, அந்த இரண்டையும் அதில் வையுங்கள்.