வருமான வரி இல்லாத ஊர்

கேள்வி: சான் ஹோசேயில் வாடகைக்கு இருக்கிறோம். டெக்சஸில் வருமான வரி இல்லை, டல்லாஸ் பக்கம் போய் வீடு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். 'வாழச் சிறந்த அமெரிக்க நகரங்கள்' பட்டியல்களோ ஆளுக்கொரு ஊரைச் சொல்கின்றன. எதை நம்புவது?

பதில்: பட்டியலை முதலில் தூக்கிப் போடுங்கள். அதைப் போட்டவரா உங்களுக்காக மாதத் தவணை கட்டப்போகிறார்?

கணவர் சொல்வது பாதி உண்மை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. மத்திய அரசின் வரி எங்கே போனாலும் உண்டு. ஆனால் அங்கே சொத்து வரி பிடித்துக்கொள்ளும். 5 லட்சம் டாலர் வீடு, வரி 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 10,000 டாலர். வேலை போனால் வருமான வரியும் நின்றுவிடும், இது நிற்காது. வீட்டுக் கடன் அடைந்த பிறகும் கட்டவேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு வரி போடக் கணக்கிடும் மதிப்பை அங்கே ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். நீங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவில், 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்தால், அந்த ஏற்றம் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டாது. சரி, உங்கள் ஊரில் வீட்டு விலை பத்து லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறதே என்பீர்கள். அதுதான் டல்லாஸ் போவதற்கு நியாயமான காரணம். அதைச் சொல்லிப் போங்கள், வரியைச் சொல்லி வேண்டாம்.

அப்புறம், ஊர்ப் பெயரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை முடிவு செய்வது பள்ளி மாவட்டத்தின், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் வட்டாரத்தின், எல்லைக்கோடு. டல்லாஸ் பக்கத்து பிளேனோ நகரத்துக்குள்ளேயே, அடுத்த ஊரான ஃபிரிஸ்கோவின் பள்ளி மாவட்டத்தில் சேர்ந்த வீடுகள் இருக்கின்றன. வீட்டு முகவர் வாய்வார்த்தை போதாது. முகவரியைச் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் வராத ஆள்: விசாவில் வந்து ஆறு மாதம் தங்கப்போகும் அம்மாவோ மாமியாரோ. நீங்கள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபின் அவர் எங்கே போவார்? ஃபிரிஸ்கோவுக்கு டல்லாஸின் டார்ட் ரயில் வருவதில்லை. கோயிலுக்கும் கார், கொத்தமல்லிக்கும் கார். வீடு பார்க்க, வெயில் கொளுத்தும் ஆகஸ்ட் மாதம் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து பக்கத்துக் கடை வரைக்கும் நடங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.